ரப்பர் புஷ்ஷும் பாலி புஷ்ஷும்: ஒரு சின்ன சரித்திரம்



போன தடவை பேச்சிப்பாறை அணையைப் பற்றி எழுதியபோது, "மாமா, இவ்வளவு நீளமா எழுதினா யார் படிப்பா?" என்று மருமகள் கேட்டாள். இது அதைவிட நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல ஒரு லைக் போட்டுவிட்டுப் போங்கள், கோபம் இல்லை.

எங்கள் வீட்டு அம்பாசடரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் தள்ளியும் இருக்கிறீர்கள். கொஞ்ச நாளாகப் பின்பக்கம் ஒரு சத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் "டக், டக்" என்று யாரோ டிக்கிக்குள் உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவதுபோல. மார்த்தாண்டம் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் கொண்டுபோனேன். (பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். போட்டால் கூடப்படித்தவர்கள் எல்லாம் ஓசியில் சர்வீஸ் கேட்டு வருவார்களாம்.) அவன் வண்டியைத் தூக்கி, கடப்பாரையால் நெம்பிப் பார்த்து, பிளேட் ஸ்பிரிங்கின் கண்ணிலிருந்து ஒரு கறுப்புத் துண்டைப் பிடுங்கி என் கையில் வைத்தான். வெடித்து, பிதுங்கி, ஒரு பக்கம் தேய்ந்து காகிதமாகிவிட்ட ரப்பர் புஷ்.

பிறகு மேசையில் இரண்டு புது புஷ்களை எடுத்து வைத்தான். ஒன்று கறுப்பு, ரப்பர். இன்னொன்று நல்ல சிவப்பு, பாலியூரித்தேன். "எது சார் போடட்டும்? பாலி போட்டா வண்டி கெட்டியா நிக்கும். ரப்பர் போட்டா மெத்துன்னு போகும்."

நான் பதில் சொல்வதற்குள் வாசல் பெஞ்சில் இருந்து ஒரு குரல். அவனுடைய அப்பா. நாற்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவர். இப்போது முட்டுவலி. அறுபது சென்ட்டில் சொந்தமாகக் கொஞ்சம் மரம் வைத்திருக்கிறார். "சாரே, ரப்பரைப் போடச் சொல்லுங்க. எங்க பாலைக் கழட்டி எறிஞ்சிட்டு கெமிக்கலை வைக்கான். இவனப் படிக்க வச்சது எந்தப் பைசான்னு கேளுங்க."

மகன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஒரு விரல் நீளத் துண்டுக்கு யோசனையா என்று கேட்பீர்கள். யோசித்தபோது கிடைத்த சரித்திரம்தான் இந்தப் பதிவு.

புஷ் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சக்கரம் மேலும் கீழும் போக வேண்டும், ஆனால் வண்டியை விட்டு விலகக் கூடாது. அதற்காகச் சக்கரத்தைத் தாங்கும் கைகளும் பட்டைகளும் வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கும். அந்த மூட்டுக்குள் இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் வைக்கும் துண்டுதான் புஷ். நம் முட்டியில் இருக்கும் சவ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தேய்ந்தால் என்ன ஆகும் என்று பெஞ்சில் இருந்த பெரியவரைக் கேட்டால் சொல்வார்.

ரப்பர் வருவதற்கு முன்னால் இந்த வேலையை வெண்கலமும் மசகும் செய்தன. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். அச்சில் வண்டி மை போடாமல் சந்தைக்குப் போனால் அழுகை அடுத்த ஊருக்குக் கேட்கும். ஆரம்பகால மோட்டார் கார்களும் கிட்டத்தட்ட அதே கதிதான். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கிரீஸ் கிண்ணம். சில நூறு மைலுக்கு ஒருமுறை அத்தனைக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். விட்டால் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து அரைத்து, மூட்டு ஆடத் தொடங்கிவிடும்.

இதற்கு விடை ஒரு மரத்தின் பாலில் இருந்தது. ஆனால் அந்தப் பால் மோட்டாருக்காகக் காத்திருந்ததுபோல ரொம்ப வருஷம் சும்மா இருந்தது. பென்சில் எழுத்தை அழிக்கத்தான் ஐரோப்பியர்கள் முதலில் அதைப் பயன்படுத்தினார்கள். ஆக்சிஜன் பாடத்தில் வரும் பிரீஸ்ட்லி நினைவிருக்கிறாரா? அவர்தான் 1770-ல் இதைக் குறித்து எழுதியவர். தேய்ப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லில் இருந்துதான் 'ரப்பர்' என்ற பெயரே வந்தது. உங்கள் டப்பாவில் இருந்த அழிரப்பர்தான் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

பச்சை ரப்பருக்கு ஒரு வியாதி. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் கல்லாகும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்ற மனிதர் இந்த வியாதியைத் தீர்த்தே தீருவேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தார். கடனில் சிறைக்குப் போனார், வீட்டுச் சாமான்களை விற்றார். 1839-ல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது உருகாமல் தோல்போலக் கருகி நின்றதைக் கண்டார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. ரப்பர் என்பது நூல் நூலாக நீண்ட மூலக்கூறுகள். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடும். கந்தகம் அவற்றுக்கு இடையே ஆங்காங்கே முடிச்சுப் போடுகிறது. முடிச்சு விழுந்தபின் இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கே வரும். 1844-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். ஆனால் 1860-ல் இறந்தபோதும் கடன்காரராகவே இறந்தார். அவர் பெயரில் இருக்கும் டயர் கம்பெனி 1898-ல் வேறு யாரோ ஆரம்பித்தது. அவர் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. குட்இயரின் ரப்பர் மாதிரிகளை 1842-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் ஸ்டீபன் மோல்ட்டன். அந்த மாதிரிகளில் ஒன்று தாமஸ் ஹான்காக் கையில் கிடைக்க, மேலே படிந்திருந்த கந்தகப் பொடியைப் பார்த்தே அவர் ரகசியத்தைப் பிடித்துவிட்டார். குட்இயருக்கு முன்னதாகவே இங்கிலாந்தில் காப்புரிமைக்கும் எழுதிப்போட்டுவிட்டார். மோல்ட்டன் பிறகு பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவன் என்ற ஊரில் தானே ஒரு ரப்பர் ஆலை வைத்தார். இந்த மோல்ட்டனின் கொள்ளுப்பேரன் பின்னால் வருவார். பெயரை நினைவில் வையுங்கள், கேள்வி கேட்பேன்.

அடுத்தது மரம். ரப்பர் மரம் அமேசான் காட்டுப் பிள்ளை. 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்த நாற்றுகளில் பெரும்பகுதி கப்பலேறி இலங்கைக்கு வந்தது. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். அடுத்த வருஷம் வெறும் 22 நாற்றுகள் சிங்கப்பூர் போயின. இன்று ஆசியாவில் இருக்கும் ரப்பர் காடுகள் பெரும்பாலும் இந்தக் கைப்பிடி நாற்றுகளின் வம்சம்தான். குலசேகரத்தில் நிற்கும் மரங்களும் அந்த வழி வந்தவையே.

சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு 1888-ல் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்தார். காட்டில் கோடரியால் கொத்தி எடுத்த காலம் போய், பட்டையை நூல் கனத்துக்குச் சாய்வாகச் சீவி, தினம் அதே கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு போகும் முறை. கத்தி சற்று ஆழமாகப் போனால் மரத்துக்குப் புண். ஆழம் போதாவிட்டால் பால் வராது. பெஞ்சில் இருந்த பெரியவர் நாற்பது வருஷம் செய்தது இந்த வித்தை. ரிட்லி போகிற இடமெல்லாம் தோட்டக்காரர்கள் சட்டைப்பையில் விதையைத் திணிப்பார் என்பதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர். கார் வந்து டயருக்கு ரப்பர் தேவைப்பட்டதும் அதே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர் நூறு வயது இருந்து 1956-ல்தான் இறந்தார்.

பால் வெட்ட ஆள் வேண்டுமே! மலாயாவுக்கு அந்த ஆள் நம்மிடமிருந்து போனார்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்து கிராமங்களில் இருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். ஒப்பந்தக்கூலி முறை 1910-ல் நிறுத்தப்பட்டது, கங்காணி முறை தொடர்ந்தது. 1938-ல் இந்திய அரசு தடை போட்டதற்குப் பிறகுதான் இந்த ஆள் சேர்ப்பு நின்றது. அங்கே இருப்பவர்கள் ரப்பரை இன்றும் பால்மரம் என்றுதான் சொல்கிறார்கள். எவ்வளவு நல்ல பெயர்! நமக்கு ரப்பர் வந்தது திருவிதாங்கூர் வழியாக. 1902-ல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் தோட்டம் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கி நம் மலையடிவாரம் வரை வந்தது.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஒர்க்‌ஷாப்காரன் ஏழாம் வகுப்பில் தினமும் முதல் மணி முடிந்த பிறகுதான் வருவான். சட்டையில் கறுப்புக் கறை வேறு. நான் ஒருநாள் அவனை வெளியே நிற்க வைத்துவிட்டேன். மதியம் அவன் அப்பா வந்தார். பால் விடியுமுன் வெட்டினால்தான் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும், மனைவிக்கு உடம்பு சரியில்லாததால் சிரட்டையில் பால் சேர்க்கப் பையனைக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. ரப்பர் பால் பட்ட கறை எந்தச் சோப்புக்கும் போகாது என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. ரப்பர் நாட்டில் ரப்பர் தெரியாத வாத்தியார். மறுநாளில் இருந்து அவனுக்கு முதல் மணிப் பாடத்தை மதியம் சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

1920களில் லியோன் தீரி என்ற பொறியாளர் ஒரு எளிய யோசனை செய்தார். பெரிய குழாய் ஒன்று, அதற்குள் சிறிய குழாய் ஒன்று. நடுவில் இருக்கும் இடத்தைவிடத் தடிமனான ரப்பர் வளையத்தை அமுக்கித் திணித்துவிடுவது. அமுக்கத்தாலேயே ரப்பர் இரண்டு குழாய்களையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். உள்குழாய் கொஞ்சம் திரும்பினால் ரப்பர் வழுக்காது, முறுக்கும். விட்டால் தானாகத் திரும்பி வரும். எதுவும் எதன்மேலும் உரசவில்லை. ஆகவே தேய்மானம் இல்லை, கிரீஸ் தேவையில்லை, சத்தமும் இல்லை. பெயரே 'சைலன்ட்பிளாக்'. இன்றும் நம் மெக்கானிக்குகள் வாயில் இந்தச் சொல் பலவிதமாகச் சிதைந்து வாழ்கிறது.

இதைப் புரிந்துகொள்ள உங்கள் காது மடலைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். திரும்பும், வலிக்கும், விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். அதுதான் ரப்பர் புஷ். கதவுக் கீல் அப்படி இல்லை. துளைக்குள் கம்பி சுற்றும், எண்ணெய் கேட்கும். வெண்கல புஷ் கீல் ஜாதி. இந்தக் காது, கீல் வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை முழுவதும் சுலபம்.

1931-ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் காரில் எஞ்சினையே ரப்பர் மேல் உட்கார வைத்தது. நாலு சிலிண்டர் எஞ்சினின் நடுக்கம் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. பிரான்சின் சித்ரோன் அடுத்த வருஷமே அந்த உரிமையை வாங்கி, மிதக்கும் அன்னப்பறவையை அடையாளமாகப் போட்டு விற்றது. அதற்குப் பிறகு ரப்பர் இல்லாத கார் இல்லை. டயர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் இரும்பும் இரும்பும் சேரும் இடமெல்லாம் ஏதோ ஒரு மரத்தின் பால் இருந்தது.

இப்போது அந்தக் கொள்ளுப்பேரன். அலெக்ஸ் மோல்ட்டன். 1959-ல் வந்த மினி காருக்கு அவர் இரும்பு ஸ்பிரிங்கே வைக்கவில்லை, ரப்பர் கூம்புகளை வைத்தார். காரோ சின்னது, ஸ்பிரிங்குக்கு இடமில்லை. நாலு பேர் ஏறினால் காரின் கனத்தில் பாதி கூடிவிடும். ரப்பரோ அமுக்க அமுக்க இறுகும் குணம் கொண்டது. அந்த மினியை வடிவமைத்த இசிகோனிஸ்தான் அதற்கு முன்னால் மோரிஸ் மைனரையும் வடிவமைத்தவர். அதே மோரிஸ் குடும்பத்து ஆக்ஸ்ஃபோர்ட் காரைத்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் அம்பாசடர் என்று பெயர் வைத்துச் செய்யத் தொடங்கியது. 2014 வரை செய்தது. ஆக, என் வீட்டு வாசலில் நிற்கும் கிழட்டு வண்டி அந்த வம்சத்தில் ஒரு தூரத்துப் பங்காளி.

கதையின் இருண்ட பக்கத்தைத் தாண்டிப்போக மனமில்லை. பள்ளியில் நான் இதைச் சரியாகச் சொல்லித் தரவில்லை. பாடநூலில் ஒரு வரிகூட இல்லை, நானும் தேடவில்லை.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. உலகத்து இயற்கை ரப்பரில் பெரும்பகுதி விளைந்த நிலம் நேச நாடுகளின் கையை விட்டுப் போயிற்று. அமெரிக்கா அவசர அவசரமாகப் பெட்ரோலியத்தில் இருந்து செயற்கை ரப்பர் செய்ய ஆலைகள் கட்டியது. மலாயாவிலோ வெட்டிய பாலை வாங்க ஆளில்லை. தோட்டங்கள் முடங்கின, கூலி நின்றது, அரிசி இல்லை. அப்போதுதான் சயாமில் இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர் ஆள் தேடினார்கள். சம்பளம், சாப்பாடு உண்டு என்று சொல்லிக் கொஞ்சம் பேரை. பிறகு லாரியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு போய் மிச்சம் பேரை. போனவர்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் பல்லாயிரம். காலரா, மலேரியா, பசி. 1943 அக்டோபரில் பாதை இணைந்தபோது திரும்பி வர இருந்தவர்கள் கொஞ்சம் பேர். வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உண்டு. தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல் எங்கேயும் கிடையாது.

அதே வருஷங்களில் ஜெர்மனியில் என்ன நடந்தது? இங்கேதான் சிவப்பு புஷ் கதைக்குள் வருகிறது.

ஓட்டோ பாயர் என்ற வேதியியலாளர் ஐ.ஜி. ஃபார்பன் என்ற மாபெரும் ரசாயனக் கம்பெனியின் லெவர்குசன் ஆய்வுக்கூடத்தில் 1937-ல் பாலியூரித்தேனைக் கண்டார். (பாயர் கம்பெனிக்கும் இவருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான், உறவில்லை.) இரண்டு திரவங்களைக் கலந்தால் அவையே கைகோத்துச் சங்கிலியாகி இறுகிவிடும். மேலதிகாரிகளுக்கு ஆரம்பத்தில் நம்பிக்கை இல்லை. ஈரம் கொஞ்சம் பட்டால்கூட உள்ளே வாயு கிளம்பி, பொங்கிய இட்லிபோல ஓட்டை ஓட்டையாகிவிடும். ஆனால் அந்த ஓட்டைதான் பிறகு நுரையாகி, நீங்கள் படுக்கும் மெத்தையாகவும் கார் சீட்டாகவும் வந்தது. ஓட்டை இல்லாமல் வார்க்கப் பழகியபின், 1950களில், ரப்பரைவிடத் தேய்மானம் தாங்கும் கெட்டிப் பொருளாகச் சந்தைக்கு வந்தது. உருளைகள், சக்கரங்கள், செருப்பு அடி, கடைசியில் கார் புஷ்.

இந்த ஐ.ஜி. ஃபார்பன் தான் போலந்தில் அவுஷ்விட்ஸ் வதைமுகாமை ஒட்டி மோனோவிட்ஸ் என்ற இடத்தில் செயற்கை ரப்பர் ஆலை கட்ட இறங்கியது. கைதிகளின் உடம்பால் கட்டப்பட்ட ஆலை. போர் முடிந்து 1947-லும் 1948-லும் நியூரம்பர்கில் அதன் நிர்வாகிகள் மீது வழக்கு நடந்து, 13 பேர் தண்டனை பெற்றார்கள். கம்பெனி பிரிக்கப்பட்டது. ஓட்டோ பாயர் வேதியியலைத்தான் செய்தார், அவரை இதில் இழுக்கவில்லை. ஆனால் "ரப்பருக்குப் பின்னால் அடிமைத்தனம், பிளாஸ்டிக் சுத்தம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு துண்டுகளையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

பாலி புஷ் பந்தயக்காரர்கள் வழியாக வந்தது. வளைவில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது ரப்பர் புஷ் நசுங்கிக் கொடுக்கும். கொடுத்தால் சக்கரத்தின் கோணம் மாறும். ஓட்டுகிறவருக்கு அது பிடிக்காது. 1980, 90களில் இருந்து சாதாரண வண்டிக்காரர்களும் பழைய ரப்பரைக் கழட்டிவிட்டு இதைப் போடத் தொடங்கினார்கள். ரப்பரின் கடினம், ஷோர் என்ற அளவில், பெரும்பாலும் 50-க்கும் 70-க்கும் நடுவில் இருக்கும். பாலி 80, 90 என்று போகும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும், பாலி தாங்கும். காற்றில் இருக்கும் ஓசோன் பட்டு ரப்பரில் விழும் வெடிப்பு இதில் கிடையாது. போடுவதும் சுலபம். ரப்பர் புஷ்ஷுக்குப் பிரஸ் வேண்டும். பாலி இரண்டு பாதியாக வரும், கையாலேயே தள்ளிவிடலாம். "பழசைக் கழட்டத்தான் சார் உயிர் போகும்" என்றான். சில பேர் காஸ் வைத்து எரித்து எடுப்பார்களாம். அந்தப் புகை விஷம். இவன் ஆக்சா பிளேடால் அறுத்துத்தான் எடுக்கிறான். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் காதையும் கீலையும் மறக்காதீர்கள். ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்ளும், பாலி புஷ் அப்படிச் செய்யாது. நடுவில் இருக்கும் இரும்புக் குழாய் அதற்குள் சுற்றியாக வேண்டும். ஆக நூறு வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் மாட்டு வண்டி அச்சு! கிரீஸ் வேண்டும், அதுவும் அதற்கென்று உள்ள சிலிக்கான் வகைக் கிரீஸ். வறண்டால் கீச்கீச். பக்கவாட்டில் வளைந்து கொடுக்க வேண்டிய மூட்டில் இதை வைத்தால் வளையாமல் முட்டும். காரைச் செய்தவர்கள் சில ரப்பர் புஷ்களில் வேண்டுமென்றே ஓட்டை விட்டிருப்பார்கள். பள்ளத்தில் விழும்போது சக்கரம் கொஞ்சம் பின்வாங்கட்டும் என்று. அந்த இடத்தில் கெட்டித் துண்டைத் திணித்தால் அடி நேராக உடம்புக்கு வரும். ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்குத் தன் பெயரைச் சொல்லும்.

ரப்பருக்கு இன்னொரு குணம் உண்டு. இயற்கை ரப்பரை நன்றாக இழுக்கும்போது அதன் மூலக்கூறுகள் வரிசையாக நின்று படிகம்போல் இறுகும். அதனால் ஒரு கீறல் விழுந்தாலும் சட்டென்று பரவாது. கோடிக்கணக்கான தடவை முறுக்கினாலும் தாங்கும். இத்தனை செயற்கைப் பொருள் வந்த பிறகும் புஷ்ஷுக்கும் எஞ்சின் மவுண்ட்டுக்கும் புதுக் கார்களில் மரத்துப் பால் ரப்பரையே பெரும்பாலும் போடுவதற்கு இது ஒரு காரணம். மறுநாள் இதை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்லா?" என்று மகனைப் பார்த்தார்.

மகன் விடவில்லை. "சாரே, நான் போட்ட ரப்பர் புஷ் ஒரு வருஷத்துல கிழிஞ்சிருக்கு. அதுக்கு என்ன சொல்லுதிய?" அவன் சொன்னது உண்மை. ஆனால் எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுவதும் இறுக்கியிருக்கிறான். அப்படியானால் வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஓடும்போது அதற்குமேல் முறுக்கும். கிழியாமல் என்ன செய்யும்? தளர்வாகப் போட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, கனம் முழுவதும் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். அவனுக்கு இது தெரியாமல் இல்லை. குனிந்து படுத்து இறுக்க அலுப்பு, அவ்வளவுதான். தலையைச் சொறிந்தான். ஏழாம் வகுப்பில் சொறிந்த அதே மாதிரி.

பாலியிலும் ஒரு அடி வாங்கியிருக்கிறான். அம்பாசடருக்கு அளவான பாலி புஷ் கிடைக்காமல், ஹார்டுவேர் கடையில் விற்கும் பி.யூ. ராடை வாங்கி லேத்தில் கடைந்து போட்டிருக்கிறான். இரண்டு மழைக்காலம். பழைய வெல்லம்போல உதிர்ந்துவிட்டதாம். நமக்குத்தான் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கிறதே! பாலியூரித்தேனில் பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை என்று இரண்டு உண்டு. முதல் வகை வெப்பமும் தண்ணீரும் சேர்ந்தால் நாளடைவில் சிதையும். இரண்டாவது வகை தண்ணீரைத் தாங்கும். கடைக்காரர் எந்த வகை என்று சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. இப்போது கேட்டு வாங்குகிறான். மேசையில் இருந்த சிவப்பு புஷ் இரண்டாவது வகை.

பெரியவரின் கோபம் புஷ்ஷைப் பற்றியது இல்லை என்பது எனக்குத் தெரியும். 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ஷீட் ரப்பர் 2016 ஆரம்பத்தில் 100-க்குக் கீழே போனது. அந்த ஐந்து வருஷத்தில்தான் அவர் மகளுக்குக் கல்யாணம் செய்தார். வெட்டுக்கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று மரத்தைச் சும்மா விட்டவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்! அந்த நேரத்தில் மகன் சிவப்புத் துண்டைக் காட்டி "இனி இதுதான் அப்பா" என்று சொல்லியிருக்கிறான். அவன் வண்டியைப் பற்றிச் சொன்னான். அவர் வேறு எதையோ கேட்டார்.

கடைசியில் என்ன செய்தோம்? என் வண்டி பந்தயம் ஓடப்போவதில்லை. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போகும். பின்சீட்டில் என் அக்கா உட்காருவார், எண்பது வயது. ஆகவே பிளேட்டின் முன்கண்ணுக்கும் முன்பக்கக் கைகளுக்கும் ரப்பர். பின்னால் ஷாக்கிளில் மட்டும், அங்கே முறுக்கு அதிகம், தண்ணீரும் சேறும் தெறிக்கும், கழட்டிக் கிரீஸ் வைப்பதும் சுலபம் என்பதால், பாலி. ஆளுக்கு ஒன்று என்று பேரம் முடிந்ததாக மகன் சொன்னான். பெரியவர் ரப்பர் புஷ்ஷைக் கையில் வாங்கி நகத்தால் அமுக்கிப் பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்றார்.

போல்ட் இறுக்கும்போது வண்டியைத் தரையில் இறக்கித்தான் இறுக்கினான். நான் பக்கத்திலேயே நின்றேன். பெரியவரும் பெஞ்சில் இருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார், அந்த முட்டுவலியோடு.

"டக் டக்" போய்விட்டது. இப்போது வலப்பக்கம் லேசாக ஒரு "கீச்" கேட்கிறது. கிரீஸ் போதவில்லை போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறான்.